பெரியப்பாவின் கருப்பராயன்

என் பெரியப்பாவை ஊரில் யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. நான் சொல்கிறேன். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருசமாகிவிட்டது, இனிமேல் என்னத்துக்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். அவர் உயிரோடு இருந்தவரை எனக்கு வாய் இருந்தும் இல்லாத மாதிரிதான். இப்போதாவது பேசிவிட்டுப் போகிறேன்.

எங்கள் ஊர் தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில். நான் தவழ்ந்துகொண்டிருந்தபோதே அப்பாவைப் பாம்பு கடித்துவிட்டது. அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் பெரியப்பா நிழலில்தான் வளர்ந்தோம். அவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. பெரியம்மா கல்யாணமான மறுவருசமே பிரசவத்தில் போய்விட்டாளாம். அதற்கப்புறம் அவர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களுக்குச் சோற்றுக்கும் துணிக்கும் ஒருநாளும் குறை வைத்ததில்லை. அக்கா என்றால் அவருக்கு உயிர். சந்தைக்குப் போனால் அவளுக்குத்தான் முதலில் வளையல்.

வாய் திறந்தால் "கண்ணு", "அம்மிணி", "ஏனுங்க". தோட்டத்தில் வேலை செய்கிற ஆளைக்கூட அதட்ட மாட்டார். ஏர் மாட்டைத் திருப்பும்போது "வாங்க சாமி" என்றுதான் சொல்வார். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. எதற்காக உயர வேண்டும்? அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்வதற்குத்தான் கருப்பராயன் இருந்தானே.

தோட்டத்து மூலையில், வேப்பமரத்தடியில், ஒரு கல்லும் ஒரு துருப்பிடித்த அரிவாளும். அதுதான் கருப்பராயன். விடியுமுன்னே கிணற்றில் குளித்து ஈர வேட்டியோடு போய் நிற்பார். பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு பேசுவது போலச் சத்தமாகப் பேசுவார். நேற்று யார் வேலைக்கு நேரங்கழித்து வந்தார்கள், யார் எதிர்த்துப் பேசினார்கள், எல்லாம் ஒப்பிப்பார். பெரியப்பாவுக்குச் சோம்பேறியைக் கண்டால் ஆகாது; கருப்பராயனுக்கும் ஆகாது. பெரியப்பாவுக்குப் பெண்கள் உரக்கச் சிரித்தால் பிடிக்காது; கருப்பராயனுக்கும் பிடிக்காது. ரெண்டு பேருக்கும் ராகிக்களி பிடிக்கும், கொள்ளுக்கடைசல் பிடிக்கும். நாக்குக்கூட ஒன்றுதான்.

பூக் கேட்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். சம்பந்தம் பேசுவதா, கிணறு வெட்டுவதா என்று மனசு ரெண்டாக இருந்தால் சாமி முன்னால் போய் நிற்போம். ஒரு பூவரச இலையில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. ரெண்டையும் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டி, குலுக்கி, பூசை செய்கிற பண்டாரம் கல்லுக்கு முன்னால் போடுவார். கேட்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சாமி சரியென்கிறது. சிவப்பு வந்தால் வேண்டாமென்கிறது. வந்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் மற்றவர்கள் வழக்கம்.

பெரியப்பா அப்படி இல்லை. அவர் நினைத்தது வந்துவிட்டால் ஒரு தடவையோடு சரி. வராவிட்டால் நின்று யோசிப்பார். கேட்கும்போது யாரோ தும்மியிருப்பார்கள். பல்லி சொல்லியிருக்கும். வேலிக்கு அந்தப்பக்கம் ஆகாத ஆள் யாராவது நடந்திருப்பான். எந்தப் பெண்ணாவது வீட்டுக்குத் தூரமாகியிருப்பாள். "சாமி தப்பாச் சொல்லாதுங்க. நாமதான் தப்பாக் கேட்டுப்போட்டோம்" என்பார். மறுபடியும் குளிப்பார், மறுபடியும் கேட்பார். நினைத்தது வருகிறவரைக்கும் கேட்பார்.

ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணை இறுக்கித்தான் மூடுவார். இலையைத் தடவிப் பார்க்க மாட்டார். பண்டாரத்துக்குச் சாடை காட்ட மாட்டார். அத்தனையும் நம்பினார். எனக்கு வயிறு எரிவதே அதனால்தான். பித்தலாட்டக்காரன் என்றால் காறித் துப்பிவிட்டு நகர்ந்துவிடலாம். இந்த மனுசனை என்ன செய்வது?

ஒரு ஐப்பசியில் மலையிலிருந்து யானை இறங்கி, தெற்குத் தோட்டத்துக்காரரின் வாழையை மிதித்துத் தின்றுவிட்டுப் போனது. வாய்க்கால் தகராறில் பெரியப்பாவோடு முறுக்கிக்கொண்டிருந்த ஆள் அவர். கருப்பராயன் பார்த்து அனுப்பிய யானை அது என்று பெரியப்பா அடக்கமாகச் சொல்லிக்கொண்டார். அடுத்த வாரம் அதே யானை எங்கள் கரும்புக்குள் புகுந்தது. ஒரு தந்தம் ஒடிந்த யானை, ஊரே அடையாளம் சொன்னது. பெரியப்பா என்ன செய்தார் தெரியுமா? பிள்ளையாரே நம் கரும்புக்கு ஆசைப்பட்டு நடந்து வந்திருக்கிறார் என்று அதன் காலடித் தடத்தில் கற்பூரம் கொளுத்தினார். தெற்குத் தோட்டத்துக்காரர் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது சிரிக்கத்தான் தோன்றியது, கொஞ்சம் கரும்பு போனதைத் தவிர வேறு பாதிப்பு எங்களுக்கு இல்லையே.

காப்பி விசயமும் அப்படித்தான். அம்மாவுக்குக் காப்பி என்றால் கொள்ளை ஆசை. கருப்பராயனுக்கு அந்த வாசம் ஒத்துக்கொள்வதில்லை என்று பெரியப்பா பணிவாகச் சொன்னார். அம்மா விட்டுவிட்டாள். அப்புறம் ஒரு நில வழக்குக்காக அவர் கோயமுத்தூரில் வக்கீல் வீட்டில் பத்து நாள் தங்கினார். திரும்பி வந்தபோது காலையில் காப்பி இல்லாவிட்டால் தலையிடி. அந்த வெள்ளிக்கிழமையே கல்லுக்கு முன்னால் ஒரு டம்ளர் காப்பி வைத்தாயிற்று. அதற்குப் பூக்கூடக் கேட்கவில்லை. அம்மாவைக் குடிக்கச் சொல்லவும் இல்லை.

மழை பொய்த்த வருசம்தான் எனக்குச் சிரிப்பு நின்றது. எங்கள் பண்ணையத்தில் வேலை செய்த, ஊர் தீண்டாமல் ஒதுக்கிவைத்திருந்த மாதாரிகளின் கிணறு வற்றிவிட்டது. எங்கள் கிணற்றில் தண்ணீர் கிடந்தது. தாங்களே இறங்க வேண்டாம், யாராவது இறைத்து ஊற்றினால் போதும் என்று குடத்தோடு வந்து தூரத்தில் நின்றார்கள். பெரியப்பா பூக் கேட்டார். வெள்ளை வந்தது. அவர்கள் நிழல் பட்டிருக்கும் என்று நகர்ந்து நிற்கச் சொல்லி மறுபடி கேட்டார். அதுவும் வெள்ளை. பண்டாரத்தின் கை சுத்தமில்லை என்று மூன்றாவது கேட்டார். சிவப்பு வந்தது. பெரியப்பா கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. தனக்கு மனசு இருக்கிறது, சாமிக்கு இல்லையே, தான் என்ன செய்யட்டும் என்று அவர்களிடமே கேட்டார். கூட்டத்தில் ஒரு கிழவி மட்டும் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்: "எங்க சாமியும் அந்தக் கெணத்துத் தண்ணிக்குத்தானுங்க தவிச்சுக்கிட்டு நிக்குது." பெரியப்பாவுக்கு அது விளங்கவில்லை. தாகமெடுக்கிற சாமியை அவர் பார்த்ததில்லை.

அம்மாவுக்கும் ஒரு சாமி உண்டு. சமையல்கட்டு மாடத்தில் ஒரு விளக்கு, அவ்வளவுதான். அதனிடம் அம்மா எதையும் கேட்டு நான் பார்க்கவில்லை. ஏன் கேட்கிறதில்லை என்றால், அதற்கே ஆயிரம் வேலை கிடக்கும், நாம் வேறு தொந்தரவு பண்ணணுமா என்பாள். வெள்ளைச்சேலை கட்டிக்கொண்டு எல்லோரும் தின்றபின் மிச்சத்தைத் தின்கிற சாமி போலிருக்கிறது. அந்தச் சாமி மேலும் எனக்குக் கோபம்தான். வேறு கோபம்.

அக்காவை வெள்ளகோவில் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒருநாள் பொழுதோடு வலி எடுத்தது. இரவெல்லாம் மருத்துவச்சி கூடவே இருந்தாள். விடிகிற நேரத்தில் வெளியே வந்து கையைக் கழுவினாள். குழந்தை குறுக்கே கிடக்கிறது, என் கையில் ஆகாது, உடனே வண்டி கட்டிக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றாள். மூடி மறைக்கவில்லை. தாமதித்தால் தாயும் தங்காது, பிள்ளையும் தங்காது என்று அம்மாவிடமும் பெரியப்பாவிடமும் ஒரே மாதிரி சொன்னாள்.

பெரியப்பா வண்டி கட்டச் சொல்லிவிட்டுப் பூக் கேட்கப் போனார். வெள்ளை வந்தது.

அம்மா வேலியோரமாக நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். வண்டியோட்டி நுகத்தைத் தூக்கி மாட்டின் கழுத்தில் வைத்துவிட்டார். பெரியப்பா மட்டும் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த யோசனை எனக்குத் தெரியும். ஐயோ, இப்போதுமா என்று நினைத்தேன்.

அவர் திரும்பி, அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்: "அம்மிணி, நான் பூ எடுக்கறப்ப நீங்க அங்கயா நின்னுட்டிருந்தீங்க?"

தாலி இல்லாதவள் சாமியின் கண்ணுக்கு நேரே நின்றிருக்கிறாள். போதாதா? பூ செல்லாது. தப்பாகக் கேட்டாயிற்று. அவர் மறுபடி கிணற்றுக்குக் குளிக்கப் போனார். பண்டாரம் ஊருக்குள் போய்ப் புதுப்பூ பறித்து வந்தார். வெயில் ஏறிவிட்டது. ரெண்டாவது எடுத்தார். சிவப்பு.

மாட்டை அவிழ்க்கச் சொன்னார். அம்மா காலில் விழுந்தாள். ஒன்றுக்கு ஒன்று ஆகிவிட்டது, மூன்றாவது கேட்டால்தான் தீரும் என்று அவளைத் தேற்றினார். தேற்றினார், கவனியுங்கள். கொஞ்சம்கூடக் கடுமை இல்லை. பண்டாரம் மறுபடியும் பூவுக்குப் போனார். பெரியப்பா மறுபடியும் குளிக்கப் போனார். உள்ளே அக்காவின் கத்தல் தேய்ந்து முனகலாகிவிட்டது.

அவருக்கு ஏன் அப்படி ஒரு பிடிவாதம் என்று வெகுநாள் கழித்து மருத்துவச்சி சொல்லித்தான் தெரிந்தது. பெரியம்மா செத்ததும் இப்படித்தானாம். அன்றைக்கும் இதே மருத்துவச்சிதான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாளாம். அன்றைக்குச் சிவப்பு வந்ததாம், அவர் வீட்டிலேயே வைத்துக்கொண்டாராம். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்துவிட்டால் அந்தச் சிவப்புப் பூவுக்கு என்ன அர்த்தம்? இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் "ஐயோ பாவம்" என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு அந்தப் பாவம் வராது. தன் மனசு நோகாமலிருக்க அவர் என் அக்காவைப் பிணையாக வைத்தார்.

அம்மா எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள். மருத்துவச்சியும் அவளும் அக்காவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். வண்டியில் வைக்கோலைப் பரப்பச் சொன்னாள். வண்டியோட்டி பெரியப்பா முகத்தைப் பார்த்துத் தயங்கினார். நீ ஓட்டுகிறாயா, நான் ஓட்டட்டுமா என்று அம்மா கேட்டாள். பெரியப்பா ஈர வேட்டியோடு கிணற்றடியிலிருந்து ஓடி வந்தார். அவர் எதிரில் என்றுமே ஒதுங்கி நிற்கிற அம்மா அன்றைக்கு ஒதுங்கவில்லை.

"உங்க சாமி உங்களாட்டவேதான் இருக்குதுங்க மாமா" என்றாள். "அதுக்குப் பொழுது கெடக்குது. என்ற புள்ளைக்கு இல்லீங்க."

அவர் வண்டியை மறிக்கவில்லை. போகக் கூடாதென்று நான் சொல்லவில்லையே, சாமி சொல்லட்டும் என்றுதானே சொல்கிறேன் என்றார். அந்தப் பேச்சு எங்களுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வந்தது.

பேரூர் வழியாகப் போனோம். நொய்யலில் தண்ணீர் இல்லை, வெறும் மணல், சக்கரம் புதைந்து புதைந்து எழுந்தது. நான் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உதட்டில் தண்ணீர் தடவினேன். அவள் என்னை அடையாளம் தெரியாத மாதிரிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

அக்கா பிழைத்துக்கொண்டாள். குழந்தை, ஆண் குழந்தை, செத்துத்தான் வந்தது. டாக்டரம்மா வெள்ளைக்காரி. அவர் சொன்னதை நர்சு எங்களுக்குத் தமிழில் சொன்னாள். காலையிலேயே கொண்டு வந்திருந்தால் ரெண்டு உயிரும் தங்கியிருக்கும். அம்மா அதைக் காதால் கேட்டாள், நானும் கேட்டேன். அக்கா அப்போது நினைவில்லாமல் கிடந்தாள்.

அக்கா எழுந்து உட்காருகிற மாதிரி ஆனதும் ஊருக்குக் கூட்டி வந்தோம். பெரியப்பா ஊர் எல்லையிலேயே வந்து நின்றார். தாடி வளர்ந்து, கண் வீங்கி, பாதியாகப் போயிருந்தார். அக்காவின் தலையைத் தொட்டு ஓவென்று அழுதார். அழுது முடித்து மடியிலிருந்து வாடிய ஒரு இலைப்பொட்டலத்தை எடுத்தார்.

"நீங்க போனதுக்கப்புறம் மூணாவது பூ எடுத்தேன் கண்ணு. வெள்ளை வந்துச்சு. ஒரு நாழி பொறுத்திருந்தா கருப்பராயனே அனுப்பியிருப்பான். உத்தரவில்லாமப் போனதுல கொழந்தையை எடுத்துக்கிட்டான்."

முதல் பூவே வெள்ளைதானே என்று நான் கத்தினேன். அது செல்லாத பூ என்று அவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் தலையாட்டினார்கள். காலையில் அனுப்பாமல் பிடித்து வைத்தவர் அவர். குழந்தையைக் கொன்ற பழி அம்மா தலையில். எவ்வளவு லேசாக முடிந்துவிட்டது பாருங்கள்.

ஊர் நம்பியதை நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். அக்கா நம்பினாள். அவள் வெள்ளகோவிலுக்குத் திரும்பவில்லை, எங்களோடும் பேசவில்லை. விடிந்தால் பெரியப்பாவோடு கருப்பராயன் கல்லுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் அவளுக்குக் கதை கதையாகச் சொன்னார். கோபம் தணிந்தால் அதே பிள்ளையைச் சாமி திருப்பிக் கொடுக்கும் என்றார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா சொன்னதை நான் அவளிடம் சொன்னேன், ஒரு தடவையல்ல. டாக்டரம்மா மனுசிதானே, மனுசி சொன்னதற்காகச் சாமியைத் தள்ளிவிட முடியுமா என்றாள்.

ஒருநாள் கட்டுத்தரையில் அம்மா சாணி வழித்துக்கொண்டிருந்தாள். நான் கூடை பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்து நின்றாள். அத்தனை நாள் கழித்து அம்மாவிடம் பேசிய முதல் பேச்சு.

"ஏம்மா, ஒரு நாழி பொறுத்திருக்கப்படாதா?"

அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். நர்சு சொன்னதைச் சொல்வாள் என்று நான் காத்திருந்தேன்.

"பொறுத்திருக்கலாம் கண்ணு" என்றாள் அம்மா. "என்ற தப்புத்தான்."

அக்கா அழுதுகொண்டே அம்மா தோளில் சாய்ந்தாள். எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. அவள் போனபின் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். ஏன் பொய் சொன்னாய், உன் தப்பா அது, உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அவள் இன்னும் பெற்றுப் பிழைக்க வேண்டியவள், கும்பிட அவளுக்கு ஒரு சாமி வேண்டாமா, என்னை வெறுத்தால் வெறுத்துவிட்டுப் போகட்டும் என்றாள். பெரியப்பா தன் பழியைச் சாமி பேரைச் சொல்லி இறக்கி வைத்தார். இவள் சாமியின் பழியைத் தானே தூக்கிக்கொண்டாள். எது எனக்கு அதிகக் கோபத்தைக் கொடுத்தது என்று இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

அம்மா ஒப்புக்கொண்ட விசயம் அக்கா மூலம் பெரியப்பாவுக்குப் போயிற்று. மறுநாள் காலை அவர் குளித்துவிட்டு நேராகக் கட்டுத்தரைக்கே வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. பின்னால் அக்கா. அவர் கையில் வெள்ளை அரளி.

"கருப்பராயன் உங்களை மன்னிச்சுப்போட்டான் அம்மிணி" என்றார். "இப்பத்தான் பூக் கேட்டுப்போட்டு வாரேன்."

அம்மா சாணிக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அந்தப் பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சந்தோசமுங்க மாமா என்றாள்.

என்னால் முடியவில்லை. கையிலிருந்த சாணிக்கூடையை அவர் காலடியில் போட்டேன்.

"மன்னிக்கறதா வேண்டாமான்னு எங்கம்மாதானுங்க பெரியப்பா சொல்லோணும்" என்றேன். "உங்க சாமியை."

பளீரென்று கன்னத்தில் விழுந்தது. பெரியப்பா இல்லை. அக்கா. எந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டு மணலில் அத்தனை தூரம் போனேனோ, அந்த அக்கா. மறுபடியும் கையை ஓங்கினாள். பெரியப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்காத கண்ணு" என்றார், அதே தணிந்த குரலில். "சின்னப்புள்ள. அவளையும் மன்னிக்கச் சொல்லிக் கேக்கறேன்."